நாலாயிரத்து எண்ணூற்று அறுபது

அருளப்புவிடம் ஒரு விஷயத்தைப் பாதி சொன்னால் போதும். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். நிரப்பியதோடு விடமாட்டார், சொன்னவருக்கே அதைத் திருப்பி விளக்கவும் செய்வார். ஊர் மீனவர் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். ஒரே கதிரையில் அவ்வளவு காலம் இருந்துவிட்டால் வாய்தான் வேலை செய்யும், காது சும்மா முகத்துக்கு அழகாக இருந்துகொள்ளும். அவர் கெட்ட மனிதரல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய மனைவி அஞ்சலாவுக்கு ஐப்பசியில் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் கிணற்றடியிலிருந்து குசினிக்கு வாளித் தண்ணீர் கொண்டுவரும்போது நடுவில் ஒருதரம் நின்றாள். பிறகு தன்னாமுனைக் கோயிலுக்குப் பூசைக்கு நடக்கும்போது இரண்டு இடத்தில் நின்றாள். "முட்டு வந்திட்டு உனக்கு" என்று அருளப்பு தீர்ப்புச் சொல்லி, ஆடாதோடை இலையை அவித்துக் குடிக்கக் கொடுத்தார். கால் வீங்கியபோது "நின்டு நின்டு வேலை செய்தா வீங்காம என்ன செய்யும்" என்றார். செருப்பு கொள்ளாமல் போனபோது ஒரு நம்பர் பெரிய செருப்பு வாங்கி வந்தார். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் அவள் சாய்மனைக் கதிரையிலேயே படுக்கத் தொடங்கியபோதுதான் மகள் றொசானிக்குச் செய்தி போனது. அவள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். இரண்டு நாள் லீவு போட்டு வந்து, தாயையும் தகப்பனையும் ஓட்டோவில் ஏற்றிப் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இதயம் பார்க்கிற டொக்டர் இன்ஷிரா, ஓட்டமாவடிப் பிள்ளை, முப்பத்து மூன்று வயது. நெஞ்சில் களிம்பு பூசி ஸ்கேன் பண்ணிப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து அஞ்சலாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மாட இதயம் களைச்சுப் போயிட்டு. பெருத்துப் போய், பம்ப் பண்றது குறைஞ்சிரிக்கு. அதால உடம்பில தண்ணி தேங்குது. கால் வீங்கிறதும், படுத்தா மூச்சு முட்டுறதும் அந்தத் தண்ணிதான். உப்புச் சேர்க்கப்படா. தண்ணி, தேத்தண்ணி, சொதி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர்தான். காலைல இந்தக் குளிசை. மூத்திரம் கூடப் போகும், பயப்பட வேணாம்."

"கருவாடு?" என்று கேட்டாள் அஞ்சலா.

"கருவாடு முழுக்க உப்புத்தானேம்மா."

"அப்ப சோத்த என்னத்தோட தின்னுற?" என்றாள் அஞ்சலா. டொக்டர் சிரித்தாள். பிறகு ஒரு துண்டில் இரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதினாள்.

அருளப்பு விடவில்லை. "இது என்னத்துக்கு, டொக்டர் மகள்?"

வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவள் நல்ல பிள்ளை, கேட்டால் விளக்குகிறவள். "இதயத்த நாம சும்மா ஒரு பம்ப் எண்டு நினைக்கிறம் ஐயா. அது ஓமோனும் சுரக்கும். தண்ணி கூடி இதயம் இழுபட்டா, அந்த இழுவையிலயே அது ஒரு சாமானைச் சுரந்து இரத்தத்துக்குள்ள விடும். அது போய் இரத்தக் குழாயெல்லாத்தையும் இளக்கி விடும். சிறுநீரகத்துக்கு, உப்பையும் தண்ணியையும் வெளியில தள்ளு எண்டு சொல்லும்."

அருளப்புவின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் இந்தப் படித்த பிள்ளை சொல்கிறாள். "அப்ப முகத்துவாரம் வெட்டுற மாதிரி!"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பும். வாவியை ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆறு கடலோடு சேருகிற இடத்தில் மணல் மேடு கட்டி வாயை அடைத்திருக்கும். தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் ஆட்கள் திரண்டு போய் அந்த மேட்டை வெட்டி விடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், வயல் தப்பும். ஆனால் தண்ணீரோடு இறாலும் மீனும் ஓடிவிடும். ஆகவே வயல்காரர் "இன்டைக்கே வெட்டு" என்பார்கள், மீன்காரர் "பொறு, இறால் பெருக்கட்டும்" என்பார்கள். ஒவ்வொரு மாரிக்கும் கூட்டம் போட்டு இந்தச் சண்டை நடக்கும். பதினொரு வருடமாக "பொறு" என்று சொல்கிற வாய் அருளப்புவின் வாய்.

"ஓம் ஐயா, கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றாள் டொக்டர். ஒரு நோயாளியின் புருஷன் இவ்வளவு விரைவாக விளங்கிக்கொண்டதில் அவளுக்கும் சந்தோஷம்.

"அப்ப அது நல்ல சாமான்."

"நல்ல சாமான்தான். எவ்வளவு சுரக்குது எண்டு பாக்கத்தான் இந்த டெஸ்ட். ரிப்போர்ட் வந்த அன்டைக்கே இஞ்ச கொண்டுவந்து தாங்க. நான் இல்லாட்டியும் தாதி படம் எடுத்து எனக்கு அனுப்புவா. என்ட அடுத்த கிளினிக் நாள், வாற சனி இல்ல, மற்றச் சனி. பதினாலாம் நம்பர் போட்டிரிக்கன்."

இதில் முதல் வசனம் மட்டும்தான் அருளப்புவின் காதில் ஏறியது. நல்ல சாமான்தான். அதற்குப் பிறகு டொக்டர் சொன்னதெல்லாம் அவருக்கு, கூட்டம் முடிந்த பிறகு வாசிக்கிற நன்றியுரை மாதிரி.

*

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. மோட்டார் சைக்கிளில் போய் எடுத்தார். முழுக்க இங்கிலிஷ். ஆனால் இலக்கம் எந்தப் பாஷையிலும் இலக்கம்தானே, நாற்பது வருடம் இறால் நிறுத்த மனிதருக்கு இலக்கம் தெரியாதா? நடுவில் கொட்டை எழுத்தில் 4860. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 125க்குக் குறைவு.

"இது என்ன, நூற்றி இருபத்தஞ்சு?"

"அது சாதாரண ஆக்களுக்கு இரிக்கிற அளவு ஐயா" என்றாள் லாபில் இருந்த பிள்ளை. அவளுக்கு முன்னால் வரிசை நீண்டு நின்றது. "உங்கடது நல்லாக் கூட இரிக்கு. டொக்டரிட்டக் காட்டுங்க."

"கூடத்தானே!" என்று அருளப்பு சிரித்தார். அந்தப் பிள்ளை, இந்த மனிசன் ஏன் சிரிக்கிறார் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கிளினிக் அங்கிருந்து ஐந்து நிமிடம். போய்த் தாதியிடம் நீட்டிவிட்டு வர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஆனால் திங்கட்கிழமை முகத்துவாரக் கூட்டம். சங்கத்து ஆட்கள் பின்னேரம் வீட்டுக்கு வருகிறார்கள். கெட்ட செய்தி என்றால்தான் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும், நல்ல செய்தி நம்பர் போட்ட சனிக்கிழமை வரை கெட்டுப்போகாது. இப்படி நினைத்துக்கொண்டு, கடதாசியை நான்காக மடித்து சேர்ட் பைக்குள் வைத்து வீட்டுக்கு விட்டார். இந்த ஐந்து நிமிடத்தை அவர் இனிச் சாகும்வரை சுமப்பார். சுமக்கட்டும்.

அஞ்சலா சாய்மனைக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள, உன்ட இதயம் லேசுப்பட்ட இதயமில்ல" என்று கடதாசியை விரித்தார். "சாதாரண ஆக்களுக்கு நூற்றி இருபத்தஞ்சு. உனக்கு நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. முப்பத்தெட்டு மடங்கு. உன்ட முகத்துவாரத்தில இப்ப அவ்வளவு பேர் மண்வெட்டியோட இறங்கி வெட்டுறாங்க எண்டு வையேன்."

அஞ்சலா கடதாசியைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த இலக்கம் பெரிதாகத்தான் தெரிந்தது. "எனக்கெண்டா வெட்டுற மாதிரித் தெரியல்ல" என்றாள். "அவ்வளவு பேரும் நெஞ்சில ஏறி நிக்கிற மாதிரித்தான் இரிக்கு."

"வெட்டேக்குள்ள அப்படித்தான் இரிக்கும். கொஞ்சம் பொறு, வடியும்."

றொசானிக்குப் போன் எடுத்து அவளுக்கும் இலக்கத்தை வாசித்தார். நத்தார், கிறிஸ்மஸ் நேரம், ஹோட்டலில் வெள்ளைக்காரர் நிறைந்திருந்தார்கள். ஒரு காதில் தகப்பன், மறு காதில் அறைச் சாவி கேட்கிற ஆள். "டொக்டரிட்டக் காட்டினீங்களா அப்பா? டொக்டர் என்ன சொன்னவ?" என்று கேட்டாள்.

"டொக்டர்தான் சொன்னவ, நல்ல சாமான் எண்டு."

பொய் என்று சொல்ல முடியாது. சொன்னதுதான். றொசானி நிம்மதியாகப் போனை வைத்தாள்.

அடுத்த நாள் அருளப்பு ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு கிழமையாக உப்பில்லாத சோற்றை விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து அவருக்கு மனது கேட்கவில்லை. இதயம்தான் முப்பத்தெட்டு மடங்கு வேலை செய்கிறதே, இனியும் ஏன் பட்டினி போடுவான்? கொடியில் காய்ந்த கருவாட்டில் நல்லதாக நாலு பார்த்து எடுத்து, கத்தரிக்காய் போட்டுத் தானே கறி ஆக்கினார். உப்பும் புளியும் தாராளமாகப் போட்டார். தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். தட்டை அவள் மடியில் வைத்து, "வயிறாரத் தின்னு புள்ள. உன்ட நெஞ்சுக்குள்ள இரிக்கிறவங்க உப்பைத் தள்ளி விடுவாங்க" என்றார்.

அஞ்சலா இரண்டாம் தரமும் சோறு போடச் சொல்லித் தின்றாள். விரலைச் சூப்பினாள். "கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசத்தில இன்டைக்குத்தான் ஒழுங்கா ஒரு கறி ஆக்கியிரிக்கிறீங்க" என்றாள். பிறகு தாகம் எடுத்தது. ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள், இன்னொரு செம்பும் குடித்தாள். மறுநாள் மிச்சக் கறியைச் சூடாக்கித் தின்றார்கள்.

அன்பு என்றால் அன்புதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கறியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கருவாடு இறங்காது.

*

ஞாயிறு முழுக்க மழை. திங்கள் கூட்டத்துக்குப் போகும்போது, வீட்டிலிருந்து பெரிய றோட்டுக்குப் போகிற ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பட்டணத்து மண்டபத்தில் ஒரு பக்கம் வயல்காரர், மறுபக்கம் மீன்காரர், மேடையில் அதிகாரிகள்.

வயல்காரர் பக்கம் எழும்பியவர் அழகரத்தினம். படுவான்கரை வட்டையில் எட்டு ஏக்கர் நெல் வயல் செய்கிறவர், மெலிந்த உடம்பு, அதிகம் பேசமாட்டார். "ஒன்றரை மாசப் பயிர் மூணு நாளா தண்ணிக்குள்ள கிடக்கு" என்றார். "எங்கட ஆக்கள் முந்நூறு பேர் முகத்துவாரத்தடியில மண்வெட்டியோட நிக்கிறாங்க. வெட்டச் சொல்லுங்க. இன்டைக்கு வெட்டினா பாதியாவது மிஞ்சும்."

அருளப்பு எழும்பினார். இந்த முறை அவரிடம் புது ஆயுதம் இருந்தது. சேர்ட் பையிலிருந்து கடதாசியை எடுத்து எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தார்.

"விஞ்ஞானம் ஒன்று சொல்றன், கேளுங்க. என்ட மனிசிக்கு உடம்பில தண்ணி கூடிட்டு. என்ன நடந்தது? அவட இதயமே ஒரு சாமானைச் சுரந்து தண்ணியைத் திறந்து விடுது. இஞ்ச ரிப்போர்ட். சாதாரண ஆக்களை விட முப்பத்தெட்டு மடங்கு! ஒருத்தரும் மண்வெட்டி கொண்டு போகல்ல. உடம்பு தன்னைத் தானே பாத்துக்கொள்ளுது. ஆறும் அப்படித்தான். தண்ணி கூடினா ஆறு தானா வாயைத் திறக்கும். நாலு நாள் பொறுங்க. எங்கட இறாலும் பெருக்கட்டும்."

மீன்காரர் பக்கம் கைதட்டல். மேடையில் இருந்த அதிகாரி ஒருவர்கூடச் சிரித்துவிட்டார்.

அழகரத்தினம் சிரிக்கவில்லை. "எனக்கு உங்கட விஞ்ஞானம் தெரியாது தலைவர்" என்றார். "ஒன்று மட்டும் கேக்கிறன். முகத்துவாரத்தடியில ஆக்கள் கூடக் கூட, தண்ணி வடியுது எண்டா அர்த்தம்? தண்ணி கழுத்துக்கு வந்திட்டு எண்டு அர்த்தம். வடியிற ஆத்துக்கு எவன் மண்வெட்டி தூக்கிட்டுப் போறான்?"

அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பேசப்பட்டதில் ஒரேயொரு உண்மை அதுதான். அதற்கு ஒருவரும் கை தட்டவில்லை. அருளப்புவுக்கு அது வயல்காரன் பேச்சாகத்தான் கேட்டது. ‘பாவம், மூக்குடைஞ்சு போய்க் கதைக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வரை பொறுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அவர் வென்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அஞ்சலா விளக்கைப் போடாமல் கதிரையில் இருந்தாள். இரண்டு கையாலும் கதிரைக் கையைப் பிடித்திருந்தாள்.

"வென்டுட்டீங்களா?"

"வென்டுட்டம் புள்ள. உன்ட இதயத்தாலதான் வென்டது."

"நல்லம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று பின்னேரம் குசினிக்குப் போகிற வழியில் மூன்று தரம் தரையில் குந்தியதையும், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சுப் போதாமல் இருந்ததையும் அவள் சொல்லவில்லை. றொசானியிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறாள். "கடதாசியில நல்லா இரிக்கெண்டுதானே வந்திரிக்கு, எனக்குத்தான் சும்மா பயம் போல. அப்பாக்குச் சொல்லாத, கூட்ட நேரம்" என்று. செத்த வீட்டில் வைத்துத்தான் றொசானி இதை அருளப்புவுக்குச் சொன்னாள். தன் உடம்பு சொன்னதை விட்டுவிட்டுக் கடதாசியை நம்பினாள் அந்தப் பெண். அதை நம்பவைத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

*

செவ்வாய் காலை ஏழு மணிக்கு அருளப்பு தேத்தண்ணியோடு வந்தபோது அஞ்சலாவின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. வாயோரத்தில் இளஞ்சிவப்பு நுரை. மூச்சை உள்ளே இழுக்கும்போது கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. கண் மட்டும் தெளிவாக அவரைப் பார்த்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். இருபது நிமிடத்தில் பெரிய றோட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் வர முடியவில்லை. இரவு மழைக்கு ஆறு ஏறி, ஒழுங்கை முழுக்க இடுப்பளவு தண்ணீர். நாலு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்ன தண்ணீர் அவருடைய படிக்கு வந்து நின்றது.

பக்கத்து வளவு இளையதம்பி, சங்கத்துச் செயலாளர், தோணியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அஞ்சலாவைத் தூக்கித் தோணிக்குள் கிடத்தப் போனார்கள். அவள் அருளப்புவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "படுக்க... வைக்காதீங்க." அவர் தோணிக்குள் உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சோடு சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். இளையதம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினான். இரண்டு பக்கமும் வேலிகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. ஒரு வீட்டுப் படலைக்கு மேல் கோழிகள் வரிசையாக ஏறி இருந்தன.

பாதி வழியில் அஞ்சலா தண்ணீரைப் பார்த்தாள். சின்னச் சின்ன இறால்கள் தோணிக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தன.

"உங்கட... இறால்" என்றாள். மூச்சு எடுத்தாள். "ஒழுங்கைக்கே... வந்திட்டு. இனி... வீட்டில இருந்தே... பிடிங்க."

அவள் பகிடிக்காரி. கடைசி வரைக்கும் பகிடிக்காரி.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள், ஒட்சிசன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். அங்கிருந்த டொக்டர் வெளியே ஓடிவந்து, "முந்தி எடுத்த ரிப்போர்ட் ஏதும் இரிக்கா?" என்று கேட்டார். அருளப்பு சேர்ட் பையிலிருந்து நனைந்த கடதாசியை எடுத்துக் கொடுத்தார். டொக்டர் இலக்கத்தைப் பார்த்தார். மேலே இருந்த திகதியைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி அருளப்புவைப் பார்த்தார். கடதாசியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

மத்தியானம் ஒன்றரைக்கு அஞ்சலா செத்துப்போனாள்.

புதன்கிழமை, யாரையும் கேளாமல், கூட்டமும் போடாமல் வயல்காரர் முகத்துவாரத்தை வெட்டினார்கள். அந்த மழைக்குப் பிறகு வெள்ளி வரை பொறுக்க அவர்களுக்கு என்ன விசரா? இரவோடு இரவாகத் தண்ணீர் இறங்கியது. வியாழக்கிழமை சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒழுங்கையில் சேறு மட்டும்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸ் வர முடியாமல் போன அதே ஒழுங்கையால் செத்த வீட்டு வான் வாசல் வரைக்கும் வந்தது.

சேமக்காலைக்கு அழகரத்தினமும் வந்திருந்தார். பயிர் போன ஆள். பின்னால் நின்று, எல்லோரும் மண் போட்ட பிறகு வந்து ஒரு பிடி போட்டார். அருளப்புவின் கையைப் பிடித்தார். ஏதாவது சொல்வார் என்று அருளப்பு காத்துக்கொண்டு நின்றார். நாலு வார்த்தை ஏசினால்கூட நல்லது என்று இருந்தது அவருக்கு. அழகரத்தினம் கையை விட்டுவிட்டுப் படலைப் பக்கம் நடந்துவிட்டார்.

*

சனிக்கிழமை அருளப்பு கிளினிக்குப் போனார். ஏன் போகிறீர்கள் என்று றொசானி கேட்டதற்கு, நம்பர் போட்டிருக்கு என்றார். நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். அந்த ஆஸ்பத்திரி டொக்டரின் பார்வை நாலு நாளாக அவரைத் தூங்க விடவில்லை. அது என்ன பார்வை என்று அவருக்குத் தெரியவேண்டும். பாதி தெரிந்துதான் இருந்தது. வாழ்க்கையில் முதல்தரமாக மீதியைத் தானே நிரப்பிக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை.

பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"வாங்க ஐயா. அம்மா எங்க?" என்று இன்ஷிரா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ரிப்போர்ட் வரவே இல்லையே, நானும் தாதியிட்டக் கேட்டன்."

அவர் காய்ந்து சுருங்கிய கடதாசியை மேசையில் வைத்தார். அவள் விரித்தாள். இலக்கத்தைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"இது எப்ப வந்தது? போன வெள்ளியா? ஐயா, அம்மாவ இப்பவே ஆஸ்பத்திரிக்கு... இப்ப எங்க இரிக்கிறா?"

"வியாழக்கிழமை தாட்டாச்சு மகள்."

அவள் கடதாசியைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"நல்ல சாமான் எண்டு சொன்னீங்க" என்றார் அருளப்பு. சண்டைக்கு வந்த குரலில்லை. பிள்ளை வாத்தியாரிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். "அது கூட இரிக்கு. முப்பத்தெட்டு மடங்கு கூட இரிக்கு. அப்ப ஏன் செத்தவ?"

இன்ஷிரா கதிரையை இழுத்தாள். மெல்ல உட்கார்ந்தாள். "சாமான் நல்லதுதான் ஐயா. ஆனா இதயம் தாங்கேலாம இழுபட்டாத்தான் அது அவ்வளவு சுரக்கும். இலக்கம் கூடினா, இதயம் உதவி கேட்டுக் கத்துது எண்டு அர்த்தம். சுரந்தும் தண்ணி வடியல்ல எண்டு அர்த்தம். கூடினா நல்லம் எண்டு நான்..." அங்கே நிறுத்திக்கொண்டாள். அன்றைக்குத் தான் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும், வெளியே காத்திருந்த பதினாறு பேரையும் அவள் நினைத்திருக்க வேண்டும்.

"நீங்க சொல்லல்ல" என்றார் அவர். "நான்தான் சொன்னன். அவளுக்குச் சொன்னன். மகளுக்குச் சொன்னன். கூட்டத்தில கடதாசியத் தூக்கிப் பிடிச்சுச் சொன்னன். கருவாட்டுக் கறி ஆக்கிக் குடுத்தன்."

கருவாடு என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒன்று மட்டும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நான் இதை இஞ்ச கொண்டுவந்து தந்திருந்தா?"

அவள் இளம் பிள்ளை. மருந்து எழுதப் படித்திருந்தாள், இந்த மாதிரி நேரத்தில் பொய் சொல்ல இன்னும் பழகியிருக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்டைக்கே வாட்டில போட்டு, ஊசி மருந்தில தண்ணிய இறக்கியிருக்கலாம் ஐயா. அன்டைக்கு எண்டா நேரம் இருந்தது."

அருளப்பு தலையாட்டினார். கடதாசியை எடுத்து, பழைய மடிப்பிலேயே நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அழகரத்தினமும் அதத்தான் சொன்னவன்" என்றார். "இன்டைக்கு வெட்டினா பாதியாவது மிஞ்சும் எண்டு."

அவள் விளங்காமல் பார்த்தாள். அவர் விளக்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வெளியே வந்தார். தாதி பதினைந்தாம் நம்பரைக் கூப்பிட்டாள்.